அந்த ‘சிறிய’ என்ற சொல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வார விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து (நம் ஊர்க் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் பிடித்து ஓடும் ஆட்டம்) பயிற்சியாளர்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அலபாமா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ‘பேர்’ பிரையன்ட்டுக்கு மூன்று பத்தி. எடி ராபின்சனுக்கு ஒரே வரி: “சிறிய கல்லூரியில் 408 வெற்றி பெற்றவர்.” அந்தச் ‘சிறிய’ மூன்று நாளாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

1941-இல் லூசியானா மாநிலத்தில் கறுப்பின மாணவர்களுக்கான கிராம்பிளிங் கல்லூரியில், தானும் கறுப்பினத்தவரான ராபின்சன் பயிற்சியாளராகச் சேர்ந்தபோது மாதச் சம்பளம் 63.75 டாலர். அதற்கு முன் தீவன மில்லில் மணிக்கு 25 சென்ட் கூலி. மைதானத்தில் புல் வெட்டியதும் கோடு போட்டதும் பையன்களின் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டதும் அவரேதான். அடுத்த ஆண்டே 9 ஆட்டம், 9 வெற்றி. எதிரணிகளுக்கு ஒரு பாயிண்ட்கூடக் கிடைக்கவில்லை. காலையில் விடுதிக்குப் போய், மாட்டு மணியை ஆட்டிப் பையன்களை வகுப்புக்கு எழுப்பி விடுவாராம்.

நான் 31 வருடம் பி.டி. மாஸ்டராக இருந்தவன். ஓட்டை டின்னில் சுண்ணாம்புத் தூளைப் போட்டுக் குனிந்து குனிந்து கோடு இழுத்தவன். என் பீரியடைத் தலைமையாசிரியர் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்ப்பார். பையன்கள் கோப்பை ஜெயித்தால் போட்டோவில் நடுவே நிற்பவரும் அவரே. அதனால் கோடு போடும் கோச் என்றால் எனக்குக் கொஞ்சம் பாசம் அதிகம்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தங்களுக்குத் தெரியாததல்ல: பிரையன்ட்டின் அலபாமா அணியில் கறுப்பின வீரர் முதன்முதலாக ஆடியது 1971-இல். அதுவரை அந்தப் பையன்கள் எங்கே போவார்கள்? கிராம்பிளிங் மாதிரி இடங்களுக்குத்தான். ஆடவே விடாதவர்கள் கோச் வேலையா கொடுத்திருப்பார்கள்? அந்தச் ‘சிறிய’ கல்லூரியிலிருந்து 200-க்கும் மேற்பட்டவர்களைத் தொழில்முறை அணிகளுக்கு அனுப்பினார் ராபின்சன். 1988-இல் தொழில்முறை லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் ஆட்டநாயகனான டக் வில்லியம்ஸ் அவரிடம் ஆடியவர். 1985-இல் பிரையன்ட்டின் 323 வெற்றிகளையும் ராபின்சன் தாண்டினார். அதைச் சொல்ல உங்களுக்கு இடம் இல்லை போலும். பக்கத்திலேயே அரைப் பக்க பனியன் விளம்பரத்துக்கு இருந்தது.

போன வருடம் கபடி ஸ்கோரைத் தப்பாகப் போட்டதற்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. பரவாயில்லை, கிரிக்கெட் வீரரின் நாய்க்குட்டிக்குப் பிறந்தநாள் வந்த வாரம் அது.

அப்புறம், கட்டுரைக்கு மேலே உருண்டைப் பந்து படம் போட்டிருக்கிறீர்கள். அவர்கள் ஆடும் பந்து கிட்டத்தட்ட முட்டை வடிவம் ஐயா.

அடுத்த இதழில் படத்தை மட்டும் திருத்தினாலும் போதும். இந்தக் கடிதத்தைப் போடுவதாக இருந்து இடம் பற்றாவிட்டால், என் சுண்ணாம்பு டின் கதையை வெட்டிவிடுங்கள். 1971-ஐ மட்டும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்