உள்ளே பரிவு, வாசலில் வயிறு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஆவணப்படக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். குண்டாக இருப்பவர்களைப் படமெடுக்கும்போது பரிவு வேண்டும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது மெத்தச் சரி. ஆனால் அதற்கு மேலே நீங்கள் போட்டிருந்த புகைப்படத்தைக் கவனித்தீர்களா? பொத்தான் பிதுங்கும் சட்டை, அதற்குள் ஒரு வயிறு. கழுத்தோடு படம் முடிந்துவிட்டது.

இத்தகைய படங்களுக்குத் 'தலையில்லாக் குண்டர்கள்' என்ற பொருளில் பிரிட்டனைச் சேர்ந்த செயற்பாட்டாளர் சார்லட் கூப்பர் 2007-லேயே பெயர் வைத்துவிட்டார். அடையாளம் தெரியக் கூடாதே என்ற மரியாதைக்காகத்தான் முகத்தை வெட்டுகிறோம் என்பார்கள். அந்த மரியாதை எனக்கும் ஒருமுறை கிடைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, தொலைக்காட்சியில் உடல் பருமன் பற்றி ஓர் ஆவணப்படம் ஓடிக்கொண்டிருந்தது. நான் வெண்டைக்காய் நறுக்கியபடி அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் எங்கள் மும்பையின் மாட்டுங்கா மார்க்கெட். ஒரு பெண்மணி முதுகைக் காட்டி நடந்து போகிறார். நாட்டை விழுங்கிவரும் கொள்ளைநோய் என்கிறது பின்னணிக் குரல். பெண்மணியின் தோளில் மஞ்சள் துணிப்பை. பையின் காதில் சிவப்பு நூல் தையல். மஞ்சள் நூல் தீர்ந்துபோன ஒரு நாளில் நான் போட்ட தையல் அது. தன் முதுகை யார் பார்த்திருக்கிறார்கள்? பையை வைத்துத்தான் என்னை நான் அடையாளம் கண்டுகொண்டேன்.

அன்று மாமியாரின் திதிக்கு இலை வாங்க முலுண்டிலிருந்து போயிருந்தேன். இலைக்காரரிடம் பத்து ரூபாய் குறைத்து வாங்கினேன், அவர் லேசில் இறங்குகிறவர் அல்ல. அந்த வெற்றியெல்லாம் படத்தில் இல்லை. இதே மாட்டுங்கா ரயில் நிலையம் 2017 முதல் முழுக்கப் பெண்களால் நடத்தப்படுகிறது என்று எத்தனையோ செய்திப் படங்கள் வந்தன. அவற்றில் எல்லோருக்கும் முகம் இருந்தது.

படமெடுத்தவர் என்னை நிறுத்தி ஒரு வார்த்தை கேட்டிருந்தால், கூடவே ரயிலில் ஏறச் சொல்லியிருப்பேன். லோக்கல் ரயிலில் மூன்று பேர் உட்கார வேண்டிய பலகையில் நான்கு பேர் உட்காருவது மும்பை வழக்கம். நான்காவது ஆளுக்கு அரை இடம்தான், ஒரு கால் நடைவழியில் இருக்கும். 'சர்கோ', அதாவது நகருங்கள், என்றால் போதும், மூவரும் ஒடுங்கி இடம் விடுவார்கள். நான் பக்கத்தில் போனாலே ஓரத்தில் இருப்பவர் தன் கைப்பையை எடுத்து அந்த அரை இடத்தில் வைத்துக்கொள்வார். நான் முன்பே உட்கார்ந்திருந்தாலோ, நான்காவதாக வருபவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த பலகைக்கு நகர்வார். ஆகவே முலுண்ட் வரை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வருவேன், இடம் காலியாக இருந்தாலும். என் முட்டிவலிக்கு எடைதான் காரணம் என்கிறார் மருத்துவர். இந்த நிற்பையும் அவர் கொஞ்சம் கணக்கில் சேர்க்கலாம்.

2017 பிப்ரவரியில் எகிப்திலிருந்து ஒரு பெண்ணைச் சிகிச்சைக்காகச் சரக்கு விமானத்தில் மும்பைக்குக் கொண்டுவந்தார்களே, நினைவிருக்கிறதா? கட்டிலோடு அவரைக் கிரேன் தூக்கும் காட்சியைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. அவர் எடை எங்கள் குடியிருப்புக் காவலாளிக்குக்கூடத் தெரிந்திருந்தது. அவருக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் அபுதாபியில் இறந்துபோனார்.

நோயை மறைக்கச் சொல்லவில்லை. எனக்கும் சர்க்கரை உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது பருமன் உள்ளவர்கள், டெல்லியில் 41.3. அப்படியென்றால் உங்கள் வாசகிகளிலும் எத்தனை பேர் அந்த வயிற்றுப் படத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு படிக்காமல் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள்?

ஜீனி ஃபின்லே இயக்கி 2023-ல் வெளிவந்த 'யுவர் ஃபேட் ஃப்ரெண்ட்' (உங்கள் குண்டுத் தோழி) என்ற ஆவணப்படத்துக்காக ஆப்ரி கார்டன் என்ற அமெரிக்க எழுத்தாளரை ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்திருக்கிறார்கள். பின்தொடர்ந்தாலும் படமெடுத்தது முன்பக்கமாக! அவருடைய பெற்றோரும் அதில் பேசுகிறார்கள். நம் ஊரில் எல்லோருக்கும் ஆறு ஆண்டு அவகாசமும் பணமும் கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேட்டிக்குப் போடும் நாற்காலியில் கைப்பிடி இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதுமே. தொடை நெரிய உட்கார்ந்திருப்பவரிடம் மனம் திறந்த பேச்சு எப்படி வரும்? சாப்பிடும் காட்சி வேண்டுமானால் எல்லோரும் சாப்பிடுவதையும் எடுங்கள். என் வீட்டில் மூன்றாவது இட்லியோடு எழுந்துவிடுகிறவள் நான். எட்டு இட்லி சாப்பிடும் என் கணவர் ஒல்லிக்குச்சி.

குண்டு என்றே எழுதுகிறேனே என்று திருத்திவிடாதீர்கள். 'பூசினாற்போல', 'தாட்டியான' என்றெல்லாம் வீட்டில் சொல்லிப் பார்த்தார்கள். சொல்லும்போது குரல் தாழ்ந்ததுதான் எனக்கு வலித்தது.

அந்தப் படக்குழுவினர் உங்கள் இதழைப் படிப்பார்களோ என்னவோ. வெள்ளிக்கிழமைகளில் காலை எட்டரைக்கு மாட்டுங்கா பூக்கடைகள் பக்கம் இருப்பேன். அதே பைதான், இப்போது இன்னொரு காதும் அறுந்து அதற்குப் பச்சை நூல் போட்டிருக்கிறேன். இந்த முறை முன்னால் வந்து கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மஞ்சள் பைக்காரி,
முலுண்ட் கிழக்கு, மும்பை