அப்பாயியின் முடிச்சும் தமிழ்ச் சிறுகதையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு மலரின் சிறுகதை வரலாற்றுக் கட்டுரை, 1915-இல் வ.வே.சு. ஐயர் எழுதிய ‘குளத்தங்கரை அரசமரம்’ தொடங்கி இன்றைய எழுத்தாளர்கள் வரை விரிந்தும், கடல் கடந்தோர் கதையை ஒரே வரியில் முடித்துவிட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன மருதியின் துயரைப் புதுமைப்பித்தன் 1935-லேயே ‘துன்பக்கேணி’யில் எழுதிவிட்டார்; ஆனால் 1942-இல் ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சிப் பர்மாவிலிருந்து கால்நடையாகக் கிளம்பியவர்களையும், 1964-இல் அங்கே கடைகள் நாட்டுடைமையாக்கப்பட்டபின் கப்பலேறியவர்களையும் அப்படி எழுதிய கதைகள் எத்தனை?

இந்திய எல்லையிலுள்ள பர்மிய ஊரான தமு வழியாக நடந்துபோய், போர் முடிந்து பர்மாவுக்கே திரும்பிய என் அப்பாயி, முந்தானையில் முடிந்திருந்த அரிசியைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் முடிச்சவிழ்ப்பதுபோல் விரல்களை அசைப்பார். (கதையை அவர் ஒருநாளும் முடித்ததில்லை.) இத்தகைய நினைவுகளைக் கதைகளாக எழுதுவோருக்கு மலரில் மாதம் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், யாங்கோன்