சன்ஷேடு போட்டவர்களையும் கொஞ்சம் நினையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நகரங்களின் சூட்டைப் பற்றி வந்த கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன். ஏரிகளைத் தூர்த்தது, மரங்களை வெட்டியது பற்றி எழுதியதெல்லாம் சரி. ஆனால் நடுவில், நவீனக் கட்டடக்கலை மேல்நாட்டிலிருந்து வந்தது, அது நம் வெயிலைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. பக்கத்திலேயே ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் படம். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

நான் அரசு அலுவலகம் ஒன்றில் டிராஃப்ட்ஸ்மேனாக, அதாவது கட்டட வரைபடம் வரைபவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். வெயில் எங்கிருந்து வருகிறது, அதை எங்கே நிறுத்துவது என்று யோசித்து யோசித்துத்தான் என் வேலைக்காலம் போனது. தெற்குச் சுவருக்கு இரண்டடி சன்ஷேடு போதும், மேலே ஏறி நிற்கிற வெயில் அதிலேயே நின்றுவிடும். மேற்கில் அது செல்லாது. சாயங்கால வெயில் சாய்ந்து வந்து சன்ஷேடுக்கு அடியில் நுழைந்துவிடும். அங்கே செங்குத்தான தடுப்புகள் வேண்டும், அவற்றையும் சற்றுத் திருப்பி வைக்க வேண்டும். இதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்த மூத்த பொறியாளர்கள் சண்டிகர், அகமதாபாத் கட்டடங்களின் படங்களை மேசையில் விரித்துக் காட்டித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அகமதாபாத் ஆலை அதிபர்கள் சங்கக் கட்டடத்தின் மேற்கு முகத்தில் கான்க்ரீட் தடுப்புகள் ஏன் சாய்வாக நிற்கின்றன என்று கேட்காமல் அந்தப் பாடம் முடியாது. நவீனக் கட்டடக்கலையின் முன்னோடிகளில் ஒருவரான லெ கொர்பூசியே 1954இல் கட்டி முடித்த கட்டடம் அது. அவர் நம் வெயிலைப் பற்றி யோசிக்கவில்லையா?

அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். தங்கள் கட்டுரையாளர் புதுச்சேரிக்கு வந்திருந்தால் போதும். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி தாங்கள் அறியாததல்ல. டோக்கியோவில் பணியாற்றிக்கொண்டிருந்த கட்டடக்கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது. களத்தில் நின்று கட்டியவர்களில் ஒருவர் ஜார்ஜ் நகஷிமா, பிற்காலத்தில் மரவேலையில் உலகப் புகழ் பெற்றவர். இன்னொருவர் பிரான்டிஷேக் சாமர், கொர்பூசியேயின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஆசிரமவாசிகளே வேலை கற்றுக்கொண்டு கூடவே உழைத்தார்கள். 1930களின் கடைசியில் தொடங்கி, போரினால் இழுத்துக்கொண்டே போய், 1945வாக்கில்தான் முடிந்தது. இந்தியாவில் கான்க்ரீட்டை ஒளிக்காமல் அப்படியே காட்டிய முதல் கட்டடங்களில் ஒன்று.

அனுமதி வாங்கி அதை உள்ளே போய்ப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். நீளவாக்கு முகங்கள் இரண்டும் வடக்கும் தெற்கும். கிழக்கு, மேற்கு வெயிலுக்கு மிகக் குறைந்த சுவரே எதிரில் நிற்கிறது. ஜன்னல் என்று தனியாக எதுவும் கிடையாது. தரையிலிருந்து கூரை வரை திருப்பக்கூடிய லூவர் பலகைகள்தான். மழை வந்தால் மூடலாம், காற்று வேண்டுமென்றால் திறக்கலாம். அறைக்கும் தாழ்வாரத்துக்கும் இடையே தேக்குச் சட்டங்களாலான தள்ளுகதவு. கதவைச் சாத்தினாலும் காற்று போகும், ஆனால் உள்ளே இருப்பவர் வெளியே தெரிய மாட்டார். கூரைத் தளத்தின் மேல் வளைவான கான்க்ரீட் ஓடுகளை இடைவெளி விட்டு அடுக்கியிருப்பதால் உச்சி வெயில் நேராகத் தளத்தில் இறங்குவதில்லை. மத்தியானத்தில் அந்தத் தாழ்வாரத்தில் நின்றேன். ஏ.சி. இல்லை, வியர்க்கவும் இல்லை. செக் நாட்டில் பிறந்து அமெரிக்கக் குடிமகனான ஒருவர், ஜப்பானில் கற்றதை வைத்துக்கொண்டு, வங்கக் கடற்கரையில் இதைச் செய்தார். இதையும் சேர்த்து 'யோசித்ததில்லை' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டால் எப்படி, ஐயா?

தவறுகள் நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. இதே கொர்பூசியே 1933இல் பாரிஸில் ஏழைகளுக்காக ஒரு தங்குமிடம் கட்டினார். தெற்கு முகம் முழுக்கத் திறக்க முடியாத கண்ணாடி. குளிரூட்டும் ஏற்பாடும் சேர்த்துத்தான் திட்டம், பணம் போதாமல் அது கைவிடப்பட்டது. கோடை வந்ததும் உள்ளே இருக்க முடியவில்லை. அப்புறம் திறக்கிற ஜன்னல்கள் வைத்தார்கள், போருக்குப் பின் வெளியே வெயில் தடுப்புகளும் வந்தன. அந்த அடியிலிருந்து அவர் கற்றுக்கொண்டார். அவர் ஆலோசனை சொன்ன ரியோ டி ஜெனிரோ அமைச்சகக் கட்டடத்தில், அங்கே வெயில் விழும் வடக்கு முகம் முழுவதும் அசைக்கக்கூடிய தடுப்புகள். கோல்கொண்டாவும் அதுவும் ஒரே காலத்தில் எழுந்தவை. சண்டிகரில் அவர் எழுப்பிய கனத்த கான்க்ரீட் பகல் சூட்டை வாங்கி வைத்து இரவில் விடுகிறது என்று குறை சொல்வார்கள். நியாயமான குறைதான். ஆனால் அது வெயிலோடு மல்லுக்கட்டியவர்களின் குறை.

தங்கள் படத்தில் இருக்கிற கண்ணாடிப் பெட்டிக்கு வேறு வம்சாவளி. 1952இல் நியூயார்க்கில் லீவர் ஹவுஸ் என்ற அலுவலகக் கட்டடம் வந்தது. சுற்றிலும் கண்ணாடி, ஜன்னல் திறக்காது, உள்ளே இயந்திரம் குளிரூட்டும். அந்த ஊருக்கும், அன்றைய மலிவான மின்சாரத்துக்கும் அது ஒத்துப்போனது. நம் ஊரில் அது பெருகியது 1991க்குப் பிறகு, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடுகிற அலுவலகங்கள் வந்தபோது. வராந்தா விட்டால் வாடகைக்கு வருகிற சதுர அடி குறையும். சன்ஷேடு இருந்தால் எலிவேஷன், அதாவது முகப்புத் தோற்றம், பழசாகத் தெரியும். இவை வியாபாரக் காரணங்கள். இரண்டு வரலாறுகளில் ஒன்றை மட்டும் கட்டட முதலாளிகள் எடுத்துக்கொண்டார்கள். அதுதான் முழு வரலாறு என்று தங்களைப் போன்ற பத்திரிகையும் எழுதினால், இன்று படித்து வெளியே வருகிற பிள்ளைகள் எதைப் பார்த்து வரைவார்கள்?

ஓய்வுக்குப் பின் ஒரு சிறிய நிறுவனத்தில் வரைந்து கொடுத்தேன். எங்கள் ஊரில் ஒரு தனியார் மருத்துவமனை கட்டினார்கள். சாலை மேற்கில். முகப்பு முழுக்கக் கண்ணாடி வேண்டும் என்றார்கள். செங்குத்துத் தடுப்பு வைத்து நான் வரைந்து கொடுத்த தாளை உரிமையாளர் பார்த்துவிட்டு, அரசாங்க ஆபீஸ் மாதிரி இருக்கிறது என்று சொல்லி மேசையில் போட்டார். இன்று அந்தக் கண்ணாடிக்கு உள்பக்கம் காலை முதல் கனமான திரை. திரை போட்டதால் இருட்டு, இருட்டானதால் பகலிலும் விளக்கு, விளக்கோடு சேர்ந்து ஏ.சி.யும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் பிடிக்கும் வரை வார்டில் படுத்திருப்பவர்கள் புழுங்குகிறார்கள். திறக்க ஒரு ஜன்னல் இல்லை. என் மைத்துனர் அங்கே படுத்திருந்தபோது விசிறியால் வீசியவன் நான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டெல்லி பிரகதி மைதானத்தின் 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' கண்காட்சி அரங்கு 2017 ஏப்ரலில் இடிக்கப்பட்டது. ராஜ் ரேவல் வடிவமைத்து, மகேந்திர ராஜ் கட்டமைப்பைக் கணக்கிட்டு, 1972இல் எழுந்த கட்டடம். இரும்பில் செய்திருக்க வேண்டிய சட்டகத்தை, அன்று இரும்பு கட்டுபடியாகாததால், கையாலேயே கான்க்ரீட்டில் வார்த்து நிறுத்தினார்கள். அந்தச் சட்டகத்தின் ஆழமே வெயிலுக்கும் தடுப்பானது. அறுபது வயது ஆகவில்லை, ஆகவே பாரம்பரியச் சின்னம் இல்லை என்று சொல்லி இடித்துவிட்டார்கள். அப்போது இதே முகவரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று வரியாக்கிப் போட்டீர்கள். கட்டடத்தின் பெயர் இருந்தது, கட்டியவர்களின் பெயர் இல்லை. கோயில் கோபுரம் ஒன்றில் சுதை உதிர்ந்தால் அட்டைப்படமே போடுகிறீர்கள். போட வேண்டியதுதான். ஆனால் ஐம்பது, அறுபதுகளில் எழுந்த நூலகத்தையும் கல்லூரியையும், காற்று வரத் துளை விட்டுக் கட்டிய ஜாலிச் சுவரோடு இடித்துத் தள்ளும்போது யாரும் கேட்பதில்லை. இடித்த இடத்தில் கண்ணாடி வந்தபின், நவீனக் கட்டடக்கலை நமக்கு ஆகாது என்று கட்டுரை வருகிறது.

பல ஆண்டுகளாகத் தங்கள் இதழை விடாமல் வாங்குகிறவன் என்ற உரிமையில் கேட்கிறேன். அந்த ஒரு வரிக்கு அடுத்த இதழில் சிறிய திருத்தம் போடுங்கள். இனிமேல் கட்டடத்தின் படம் எதைப் போட்டாலும், திறந்து வைத்தவரின் பெயரோடு, வடிவமைத்தவர் பெயரையும் ஆண்டையும் படத்துக்குக் கீழே சேருங்கள். ஒரு வரிக்கு மேல் இடம் பிடிக்காது.

கடிதம் நீண்டுவிட்டது, சுருக்கத்தான் வேண்டும் என்று தெரியும். மருத்துவமனைப் பத்தியை எடுத்துவிடுங்கள். கோல்கொண்டாவைப் பற்றி எழுதியதில் மட்டும் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிராஃப்ட்ஸ்மேன்,
கடலூர்