உன் கணக்கையும் எழுது, தம்பி

நீர்வேலி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். கார்த்திகை மழையில் வெள்ளம் நின்று வெங்காயம் அழுகிப்போனது உனக்குத் தெரியும். தோட்டம் செய்கிற அண்ணை இப்போது திரும்ப நட்டிருக்கிறார். அப்பாவின் திவசமும் நல்லபடி முடிந்தது. ஐயர் உன் பெயரையும் சொல்லித்தான் செய்தார். அன்றைக்காவது எடுப்பாய் என்று போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். சரி, வேலையாக இருந்திருப்பாய். நேரத்துக்குச் சாப்பிடு. பனிக்குள் இரவில் லொறி ஓட்டாதே.

நீ வட்ஸ்அப் குழுவிலிருந்து வெளிக்கிட்ட பிறகு அங்கே ஒருவரும் பெரிதாகக் கதைப்பதில்லை. ஏன் வெளிக்கிட்டாய் என்று கேட்க இதை எழுதவில்லை. அன்றைக்குப் பூமி சூடாவதைப் பற்றியும் அதற்காகப் போடுகிற வரியைப் பற்றியும் நீயும் தங்கச்சியும் எழுதியதை எல்லாம் திரும்பத் திரும்ப வாசித்தேன். உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பித்தவள் நான். அம்மாவுக்கு என்ன தெரியும் என்று இந்த விஷயத்தில் நீ சொல்ல முடியாது.

முதலில் நீ சொன்னதில் எனக்கு உடன்பாடில்லாததைச் சொல்லிவிடுகிறேன். "இதெல்லாம் வரி அடிக்க ஒரு சாட்டு" என்று எழுதினாய். இல்லை ராசா. வரி பிழையாக இருக்கலாம், சூடு பொய் இல்லை. தொழிற்சாலைகள் வருவதற்கு முன் காற்றில் பத்து இலட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமிலவாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. 2024தான் அளந்த ஆண்டுகளிலேயே சூடான ஆண்டு. ஒரு பாகை சூடு கூடினால் காற்று ஏழு வீதம் கூடுதலாக ஈரத்தைப் பிடிக்கும். இங்கே அடித்த டித்வா புயல் அதனால்தான் வந்தது என்று ஒருவரும் கைகாட்ட முடியாது. ஆனால் அப்படிப் பெய்கிற மழை இனிக் கூடும் என்பதில் விஞ்ஞானிகளுக்குள் சண்டை இல்லை. அந்த ஒரு புயலில் 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள். நேரடி அழிவு மட்டும் 4.1 பில்லியன் டொலர் என்று உலக வங்கி கணக்குப் போட்டது. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் இப்படி ஒரு விலை இருக்கிறது, அதை நீ உன் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இனி உன் பக்கம். தங்கச்சி உனக்குப் பனிமலை உருகுகிற படங்களை அனுப்பினாள். நீ கேட்டது காசைப் பற்றி. அது எனக்கு அன்றைக்கே உறைத்தது. கனடாவில், நீ இருக்கிற ஒன்ராறியோவில், எரிபொருள் எரிக்க வரும் கரியமிலவாயுவுக்குப் போட்ட அந்தக் காபன் வரி 2019இல் தொடங்கியபோது ஒரு தொன்னுக்கு 20 டொலர், 2024இல் 80 டொலர். டீசலில் லீற்றருக்கு 21 சதத்துக்கு மேல் வந்தது. வாங்கின வரியைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்று அரசாங்கம் சொன்னது உண்மைதான். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 280 டொலர். ஆனால் கார் ஓட்டி வேலைக்குப் போகிற குடும்பமும் நாள் முழுக்க லொறி ஓட்டுகிறவனும் எரிப்பது ஒரே அளவா? பெரிய கம்பனி கூடின செலவை வாடகையில் சேர்த்து வாங்கிவிடும். ஒற்றை லொறிக்காரன் கேட்டால் அடுத்தவனைக் கூப்பிடுவார்கள். இதைத்தானே நீ சொல்ல வந்தாய்? நீ சொல்லி முடிக்க முதலே லண்டன் மாமா சாபம் போட்டார், சித்தப்பா சமாதானம் சொன்னார். ஒருவரும் "உனக்கு எவ்வளவு போனது?" என்று கேட்கவில்லை.

அந்த வரியைத்தான் 2025 ஏப்ரல் முதலாம் திகதியோடு நிறுத்திவிட்டார்களே. பெரிய ஆலைகளுக்கு மட்டும்தான் இப்போது இருக்கிறதாம். வரி போன பிறகும் உன் கோபம் போகவில்லை. அதனால்தான் எனக்கு யோசனை.

படித்தவர்களுக்குள்ளும் இது தீராத வழக்கு. 2006இல் இங்கிலாந்தில் நிக்கலஸ் ஸ்டேர்ன் ஓர் அறிக்கை கொடுத்தார். இப்போதே இறங்கினால் உலக வருமானத்தில் ஆண்டுக்கு ஒரு வீதம் போகும், விட்டால் 5 முதல் 20 வீதம் வரை போகும் என்றார். அமெரிக்காவில் வில்லியம் நோர்ட்ஹவுஸ், 2018இல் நோபல் பரிசு வாங்கியவர், அவசரப்படாமல் சிறிது சிறிதாக வரியைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். இரண்டு பேருக்கும் சூட்டில் சந்தேகம் இல்லை. சண்டை வட்டியில்தான். நூறு வருடம் கழித்துப் பிறக்கிற பிள்ளைக்கு வரும் நட்டத்தை இன்றைய காசில் எவ்வளவு என்று போடுவது? வட்டி வீதத்தைக் கூட்டினால் அந்தப் பிள்ளையின் நட்டம் சில்லறையாகிவிடும், குறைத்தால் மலையாகிவிடும். இதை வகுப்பில் விளங்கப்படுத்த நான் எப்போதும் நம் காணியைத்தான் சொல்வேன். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்களே. அப்பப்பா எல்லையில் பனை வைத்தபோது ஊரில் எத்தனை பேர் வேலையற்ற வேலை என்றார்கள் என்று அப்பா சொல்ல நீயும் கேட்டிருக்கிறாய். நான் ஸ்டேர்ன் பக்கம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் அப்பப்பா தன் கையால் தோண்டி வைத்தார். பக்கத்துக் காணிக்காரனின் சோற்றை எடுத்து வைக்கவில்லை.

இதைத் தங்கச்சிக்கும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவள் மன்னாரில் படிப்பிக்கிறாள், அங்கே நடப்பதைக் கண்ணால் பார்க்கிறாள். 2020இல் திறந்த தம்பபவனி காற்றாலை 103.5 மெகாவாற். பிறகு மன்னாருக்கும் பூநகரிக்குமாக 484 மெகாவாற் கட்ட வந்த இந்தியக் கம்பனி அதானி, அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்ற விலையில் புதிய அரசாங்கத்தோடு ஒத்துவராமல் 2025 பெப்ரவரியில் விலகிப்போனது. அதோடு முடியவில்லை. ஓகஸ்டில் புதுக் காற்றாலைகளுக்கான சாமான்கள் வர, சனம் வீதியில் இறங்கியது. தீவு தாழ்ந்த நிலம், மழை வெள்ளம் வடியாது, மீன்பாடு குறையும், வலசை வருகிற பறவைகள் போய்விடும் என்றார்கள். கரி எரிக்காத மின்சாரம் நாட்டுக்கு வேணும் என்பது அவர்களுக்கும் தெரியும். தீவில் இருக்கிறவன் விலையைக் கொடுக்க, வெளிச்சம் வேறு எங்கோ எரிவதுதான் அவர்களுக்கு நோவு. தங்கச்சி அந்தக் கடற்றொழிலாளர்களோடு போய் நின்றாள். "இவர்களை எதிரி என்று சொல்லாதீங்கோ அம்மா, இவர்களிடம் முதலில் கேட்டிருக்க வேணும்" என்று என்னோடு வாதாடினாள். அப்படியென்றால் உன் அண்ணனிடம் ஏன் கேட்கவில்லை என்றேன். பேசாமல் இருந்தாள். பிறகு அழுதாள். நான் சொன்னேன் என்று நீ அவளுக்குச் சொல்லாதே.

நீயும் ஒன்றை மறக்காதே. மலிவான எண்ணெய் என்று ஒன்று கிடையாது. சுன்னாகத்தில் எண்ணெய் எரித்து மின்சாரம் எடுத்த காலத்தில் கழிவு எண்ணெய் நிலத்துக்குள் இறங்கி, சுற்றுவட்டாரத்தில் எத்தனை கிணறுகளில் மிதந்தது. ஆறு இல்லாத ஊர் இது, சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறுகிற தண்ணிதான் எங்களுக்கு எல்லாம். 2019இல் உச்ச நீதிமன்றம் அந்த மின்நிலையக் கம்பனியை இரண்டு கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்த்தது. அத்தனை வருடமும் பவுசர் தண்ணிக்கு வாளியோடு நின்ற சனத்தின் மின்கட்டணத் துண்டில் அந்தச் செலவு எங்கே எழுதியிருந்தது?

சாப்பாடு நேரத்துக்குச் சாப்பிடு. சீனி சோதித்தாயா? அப்பாவுக்கும் உன் வயதில்தான் தொடங்கியது.

லொறி வாங்கினபோது நீ அனுப்பின படம் அப்பாவின் பேர்சில் கடைசிவரை இருந்தது. கடையில், கோயிலில், காண்கிறவர்களுக்கெல்லாம் காட்டுவார், "சொந்தமாக வாங்கினவன், ஒருவரிடமும் கை நீட்டாதவன்" என்று. எனக்கும் அந்தப் பெருமை இருக்கிறது. ஆனால் கை நீட்டாத பிள்ளை என்று நாங்கள் சொல்லிச் சொல்லி, நீட்ட வேண்டிய நேரத்திலும் நீட்டாமல் இருந்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. போன கிழமை எடுத்தபோது மருமகள் "அவர் வேலைக்குப் போயிட்டார் மாமி" என்றாள். பின்னால் உன் இருமல் கேட்டது. பிள்ளையில் பிழை இல்லை, அவளைக் கேட்டு வருத்தாதே. கொத்தமல்லி அவித்துக் குடி.

லொறி ஓடுகிறதா, நிற்கிறதா என்று நான் கேட்கவில்லை. நீ ஒரு கணக்கு மட்டும் எழுதி அனுப்பு. மாதம் டீசலுக்கு எவ்வளவு, லொறிக் கடனுக்கு எவ்வளவு, காப்புறுதிக்கு எவ்வளவு, கையில் வருவது எவ்வளவு. எனக்குத் தனியாக எழுது, குழுவில் போடாதே. வரியால் போனது எது, வட்டியால் போனது எது, வாடகை குறைந்ததால் போனது எது என்று நான் பிரித்துப் பார்த்துச் சொல்வேன். இந்த மாதம் எனக்குக் காசு அனுப்பாதே. ஓய்வூதியம் போதும். அடுத்த மாதமும் வேண்டாம்.

தோட்டக் காணி உன் பெயரில்தான் இருக்கிறது. காணி உறுதி என் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. நொத்தாரிசு ஐயாவிடம் கதைத்துவிட்டேன். நீ வரத் தேவையில்லையாம், ரொறன்ரோவில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் உனக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்கலாம் என்று அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பினால் போதுமாம். அப்பப்பாவின் காணி என்று யோசிக்காதே. தோட்டம் செய்கிற அண்ணையே வாங்க விருப்பமாக இருக்கிறார், விலையும் குறைக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி மன்னார் திரும்பிவிடுவாள், வீட்டில் நான் தனியாகத்தான் இருப்பேன். உனக்கு எந்த நேரம் வசதியோ அந்த நேரம் எடு.

அம்மா