பேச்சுக் குழுப் பிள்ளைகளுக்கும் வீட்டாருக்கும் ஒரு மடல்

அன்புள்ள பிள்ளைகளே, அவர்களை அனுப்பிவைக்கும் அம்மா அப்பாக்களே, வணக்கம்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். போன ஆண்டு காந்தி பிறந்தநாளையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை நடத்திய மாவட்டப் பேச்சுப் போட்டிக்கு நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை அழைத்துப் போனேன். நான்கு பக்கம் நானே எழுதிக் கொடுத்திருந்தேன். வகுப்பில் வரி பிசகாமல் ஒப்பிப்பாள். மேடையில் "1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள்" என்றவள் அடுத்த சொல் வராமல் நின்றாள். மறுபடி "1921ஆம் ஆண்டு" என்று தொடங்கி அதே இடத்தில் நின்றாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், திரும்பச் சுற்றினாள். பிறகு இறங்கிவிட்டாள்.

திரும்பும்போது பேருந்தில், அன்றைக்கு என்ன நடந்தது என்று கதையாகச் சொன்னேன். மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த காந்தி, சட்டையையும் நீள வேட்டியையும் விட்டு அரை வேட்டிக்கு மாறிய நாள் அது. "கதர்க்கடை இருக்கே, அந்த வீடா சார்? தீபாவளிக்குத் துணி எடுக்க அந்த வழியாத்தானே போவோம்!" என்றாள். நான் எழுதிய தாளில் தெருப் பெயரே இல்லை. "மாமதுரை மண்ணிலே மகாத்மா மேலாடை துறந்தார்" என்று மோனை போட்டிருந்தேன். அந்த வாசல் அவள் கண்ணுக்குள் இருந்திருந்தால் வரி மறந்தாலும் பேச்சு நின்றிருக்காது. மறந்தது அவள், தப்பு என்னுடையது.

அதனால் இந்த ஆண்டு யாருக்கும் நான் எழுதித் தரமாட்டேன். அண்ணன், டியூஷன் டீச்சர் எழுதித் தந்தாலும் வாங்கமாட்டேன். தலைப்பு கிடைத்ததும் நூலகத்தில் இரண்டு புத்தகமாவது புரட்டி, சொல்ல நினைப்பதைப் பத்துக் குறிப்பாக எழுதி வாருங்கள். முழு வாக்கியம் வேண்டாம். பேசப் பேச வாக்கியம் தானாக வரும். முதல் வாரம் திக்கும், திக்கட்டும்.

பயிற்சி செவ்வாயும் வியாழனும், மாலை 4.20 முதல் 5.05 வரை. 5.20 பேருந்தைப் பிடிக்கிறவர்கள் இருப்பதால் ஒரு நிமிடமும் கூட்டமாட்டேன். வர முடியாவிட்டால் காலையிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மூன்று முறை நின்றால் அந்தப் போட்டிக்கு வேறொருவர் போவார், எவ்வளவு நன்றாகப் பேசுகிறவராக இருந்தாலும். ஒருவர் பேசி முடித்ததும் மற்ற ஒவ்வொருவரும் ஒரு கேள்வி கேட்கவேண்டும். தன் முறை வரும்வரை கணக்கு நோட்டை விரித்து உட்காருவது பயிற்சி ஆகாது.

நம் ஊர் நாக்குக்கு 'ழ' கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கடையில் 'வாளப்பளம்' என்று கேட்டு வாங்குவதில் ஒரு குறையும் இல்லை, நானும் அப்படித்தான் கேட்கிறேன். மேடைக்கு மட்டும் 'ழ' வேண்டும். "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கிக் கீழே விழுந்தான்" என்பதை வேகமாக அல்ல, மெதுவாக நாளுக்குப் பத்து முறை சொல்லுங்கள். வேகமாகச் சொன்னால் நாக்கு ஏமாற்றிவிடும்.

கை அசைவு பற்றி ஒன்று. சென்ற முறை நம் பையன்கள் நான்கு பேர் "வீறுகொண்டு" என்ற சொல்லில் ஒரேபோல் வலக்கையைத் தூக்கினார்கள். நால்வரும் பார்த்தது ஒரே யூடியூப் வீடியோ! கை தானாக எழுந்தால் எழட்டும், இல்லாவிட்டால் சும்மா இருக்கட்டும்.

பேச்சை எல்லாரும் ஒரு குறளில்தான் தொடங்குகிறீர்கள், பழக்கம். சொல்வன்மை அதிகாரத்தின் கடைசிக் குறளை யாரும் தொடுவதில்லை. கற்றதைப் பிறர் உணரும்படி விரித்துச் சொல்லத் தெரியாதவர்கள், கொத்தாகப் பூத்தும் மணக்காத மலர் போன்றவர்கள் என்கிறார் வள்ளுவர். அதைப் படிக்கும்போதெல்லாம் என் நான்கு பக்கத் தாள்தான் நினைவுக்கு வருகிறது.

பெற்றோருக்கு: "பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பேச்சு எதற்கு?" என்று சிலர் கேட்டீர்கள். வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம்தான். அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் பயிற்சியே கிடையாது. பரிசுத்தொகை முதலிடத்துக்கு 5,000, அடுத்து 3,000, 2,000 ரூபாய். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இருவருக்குத் தனியாகத் தலா 2,000 ரூபாய் சிறப்புப் பரிசு. கிடைத்தால் மகிழ்ச்சிதான். ஆனால் "பரிசு வாங்கினாயா?" என்று வாசலிலேயே கேட்காதீர்கள். என்ன பேசினாய் என்று கேளுங்கள். சோறு போட்டுக்கொண்டே கேட்டாலும் போதும்.

போன ஆண்டு பாதியில் இறங்கிய பிள்ளை இந்த ஆண்டும் பெயர் கொடுத்திருக்கிறாள். வரும் செவ்வாய் முதலில் பேசப்போவது அவள்தான். மற்றவர்கள் கேள்வியோடு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர்