பெயின்ட் காசு முதலில் பிரேக்குக்குப் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் நெடுகுளாவிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட், பீட்ரூட், முட்டைகோஸ் ஏற்றி வரும் பிக்கப் வண்டிக்காரன் நான். வண்டி 2010 மாடல் மஹிந்திரா, பழைய 2,523 சிசி டீஐ டீசல் இன்ஜின். மீட்டர் நான்கு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. மலைப் பாதையில் ஒரு சரக்கு வண்டி கவிழ்ந்தால் "பழைய வண்டி, பிரேக் பிடிக்கவில்லை" என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். வண்டி பழையது என்பதால் பிரேக் போவதில்லை. ஏன் போகிறது என்பதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

எட்டு வருடத்துக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகள் வருடாவருடம் எஃப்.சி, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று, எடுக்க வேண்டும். அந்த மாதம் வந்ததும் எங்கள் ஆட்கள் முதலில் போவது பெயின்டிங் பட்டறைக்கு. துருவுக்குப் பட்டி வைத்துத் தேய்த்து, கேபினுக்கு வெள்ளை, சேஸுக்குக் கறுப்பு, சுற்றிலும் ஒளிரும் ஸ்டிக்கர், புது மட்கார்டு. செலவு ஆயிரக்கணக்கில் ஆகும். அதே வண்டியில் பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. குறைந்தால் ஊற்றியிருப்பார்கள், மொத்தமாக மாற்றியிருக்க மாட்டார்கள். பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் காசு எதற்குப் போக வேண்டும் என்பதுதான் கேள்வி.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். டாட் 4 என்றால் 230, 155. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் இறக்கம் கிட்டத்தட்ட 5,000 அடி. லோடோடு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் முன் டிஸ்க்கின் சூடு, பிரேக் பேடை அழுத்தும் காலிப்பருக்குள் இருக்கும் ஆயிலுக்கு ஏறும். ஈரம் கலந்த ஆயில் கொதித்து உள்ளே ஆவிக் குமிழ் உண்டாகும். ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் தரை வரை போய்விடும், வண்டி நிற்காது. கொஞ்ச நேரம் ஆறவிட்டால் அதே பெடல் முன்போலப் பிடிக்கும். "காலையில்கூட நன்றாகத்தான் பிடித்தது" என்று டிரைவர்கள் சொல்வது பொய்யில்லை.

எஃப்.சி சோதனையிலும் இதே கதைதான். வண்டி காலியாக இருக்கும், தரை சமமாக இருக்கும், பிரேக் ஆறியிருக்கும். அங்கே ஈர ஆயில் தன் குறையைக் காட்டாது. வண்டி பாஸாகிவிடும், அடுத்த வாரமே ஒன்றரை டன் பீட்ரூட்டோடு கொண்டை ஊசி வளைவில் திரும்பும்.

இன்னொன்று, ஸ்பிரிங் பட்டை. லோடு தாங்கட்டும் என்று பின்பக்கம் எக்ஸ்ட்ரா பட்டை போடுவது எங்கள் பக்கத்தில் சாதாரணம். ஆனால் பல பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கு மேலே ஒரு சிறு வால்வு இருக்கிறது. லோடு ஏறிப் பாடி தாழ்ந்தால், ஒரு கம்பி வழியாக அதை உணர்ந்து பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டித் தருவது அதன் வேலை. எக்ஸ்ட்ரா பட்டை போட்டால் பாடி தாழாது. வண்டி காலி என்று அந்த வால்வு எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும், முன் பிரேக் தனியாகச் சுமந்து சூடேறும். துருப்பிடித்து அந்தக் கம்பி இறுகிப்போன வண்டிகளும் உண்டு. பட்டை போடும் பட்டறையில் யாரும் இதைச் சொல்வதில்லை. காரமடையில் எனக்கு வண்டி பார்க்கும் மெக்கானிக் அண்ணன்தான் கீழே படுக்கவைத்துக் காட்டினார்.

டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. இதுபோன்ற பழைய டீசல் இன்ஜினில் கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், இறக்கத்தில் பம்ப்பே டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்கென்று டீசல் செலவாகும். இன்ஜினையே அணைத்துவிட்டால் இன்னும் மோசம். மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்கு வாக்கம் (வெற்றிடம்) கொடுப்பது ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் பம்ப், இன்ஜின் ஓடினால்தான் அது ஓடும். மிச்சமிருக்கும் வாக்கத்தில் இரண்டு மூன்று தடவை மிதிக்கலாம், அப்புறம் பெடல் கல்லாகிவிடும். ஏறுவதற்கு எந்த கியரோ அதே கியரில் இறங்க வேண்டும். இரண்டாவது கியரில் போகச் சொல்லி வழியெங்கும் பலகை வைத்திருப்பது சும்மா இல்லை.

பூஸ்டரைச் சோதிக்கக் காசே வேண்டாம். இன்ஜினை நிறுத்திப் பெடலை ஐந்தாறு தடவை மிதியுங்கள், கடினமாகும். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்கவில்லை என்றால் வாக்கம் ஹோஸ், பம்ப், பூஸ்டர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டியதுதான்.

பிரேக்குக்கு அடுத்து நான் கவலைப்படுவது கூலிங் பற்றி. ஏற்றத்தில் இன்ஜின் சூடேறுகிறது என்று போனால், சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு "இனி சூடாகாது அண்ணே" என்று அனுப்பும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். கோத்தகிரிக் குளிரில் தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே வராது. டீசல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். சூடேறியதற்கு உண்மையான காரணம் வேறு எங்கோ இருக்கும். பெரும்பாலும் ரேடியேட்டருக்குள் உப்புப் படிந்திருக்கும், ஓடைத் தண்ணீரையும் போர் தண்ணீரையும் மாறி மாறி ஊற்றினால் வேறென்ன ஆகும்? கூலன்ட்டைச் சுத்தமான தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். ஆறிய வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். விடாமல் குமிழ் வந்தால், இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டில் சந்தேகம் வையுங்கள். ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மோர் நிறத்தில் படிந்திருந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

புகையையும் பார்க்கலாம். குளிர்காலக் காலையில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வருவது சாதாரணம், சூடேறிய பிறகும் நிற்காவிட்டால்தான் கவனிக்க வேண்டும். கரும்புகை என்றால் ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ், டீசல் பீய்ச்சும் நாசில் இவற்றைப் பார்க்க வேண்டும். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. செல்ஃப் எடுக்கவில்லை என்றால் புது பேட்டரி வாங்க ஓடாமல், முதலில் பேட்டரி முனையையும் எர்த் கேபிளையும் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து இறுக்கிப் பாருங்கள். பழைய வண்டியில் பாதிப் பிரச்சினை எர்த்தில்தான்.

டூப்ளிகேட் பாகங்களைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம். பிரேக் பேட், வீல் சிலிண்டர் கிட், ஆயில் ஃபில்டர் இந்த மூன்றிலும் பேரம் பேசாதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போக்குவரத்துத் துறைக்கு இரண்டு வேண்டுகோள். பிரேக் ஆயிலில் ஈரம் எவ்வளவு என்று காட்டும் சிறு கருவி பேனா அளவில் கிடைக்கிறது, நுனியை ஆயிலில் நனைத்தால் விளக்கு எரிந்து சொல்லிவிடும். நீலகிரி போன்ற மலை மாவட்டங்களில் எஃப்.சி சோதனையின்போது அதையும் வைத்துப் பார்க்க வேண்டும். ஈரம் அதிகமிருந்தால் ஆயிலை மாற்றிவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பட்டும். ஒரு லிட்டர் ஆயிலில் முடிகிற வேலை, யாரும் கோபப்பட மாட்டார்கள்.

இரண்டாவது, கோத்தகிரி சாலையில் குஞ்சப்பனைக்கு மேலே லோடு வண்டிகள் ஒதுங்கி நிற்க அகலமான இடம் ஒன்றை ஒதுக்கிப் பலகை வைக்க வேண்டும். ஐந்து நிமிடம் நின்று நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோனாலே தெரிந்துவிடும். எல்லாம் ஒரே சூட்டில் இருந்து ஒன்று மட்டும் கொதித்தால், அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் போகிறது. இப்போது வளைவில் நிறுத்தினால் பின்னால் வருபவர்களுக்கு ஆபத்து என்று பயந்து பலரும் நிற்காமலே இறங்கிவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
பிக்கப் உரிமையாளரும் ஓட்டுநருமான ஒரு வாசகர்,
நெடுகுளா, கோத்தகிரி வட்டம்.