தோட்டத்து அறைக்கும் விதி உண்டு: மாநகராட்சி தமிழில் எழுதி ஒட்ட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

"வீட்டுக்குத்தான் அப்ரூவல் இருக்கிறதே, தோட்டத்தில் ஓர் அறைக்கு எதற்குத் தனியாக?" கடலூரில் பலரும் கேட்கும் கேள்வி இது. வாங்கிய அனுமதி அந்த வரைபடத்தில் உள்ளதற்கு மட்டுமே. பின்னால் தனியாக எழும் அறையும் அதே மனையின் கட்டடம்தான். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது 1,200 சதுர அடி மனையில் எல்லாத் தளங்களும் சேர்த்து 2,400 சதுர அடி வரை கட்டலாம். இந்தக் கணக்கில் மாட்டுகிறவர்கள் குறைவு. மாட்டுவது செட்பேக்கில், அதாவது மனையின் எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட வேண்டிய காலி இடத்தில். மதில் சுவரையே அறையின் நான்காவது சுவராக்கிக் கூரையை ஏற்றிவிடுகிறார்கள். கூரைத் தண்ணீர் அடுத்த வீட்டு முற்றத்தில் விழ, சண்டை மனுவாகிறது. பிறகு 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 57-ஆம் பிரிவில் வேலை நிற்கும். 56-ஆம் பிரிவில் இடிக்கவும் சொல்லலாம்.

2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள், முதல் தளம் வரை கட்டும் வீடுகளுக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் (விதிப்படி கட்டுவதாக உரிமையாளரே உறுதி தந்து) இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. முன்கூட்டியே கள ஆய்வு இல்லை என்பதால் செட்பேக் வேண்டாம் என்று ஆகிவிடாது. தேவனாம்பட்டினம் போன்ற கடலோரத்திலும் உப்பனாற்றங்கரையிலும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளையும் பார்த்தாக வேண்டும். கடல் பக்கம் அது உயர் அலைக் கோட்டிலிருந்து (அலை ஏற்றத்தில் நீர் எட்டும் எல்லையிலிருந்து) 500 மீட்டர் வரை நீளும்.

அனுமதியை விட எங்களுக்குப் பெரிய கவலை காற்று. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரை கடந்தது இங்கேதான். இந்தியத் தர நிர்ணயத்தில் நம் கரையோரத்துக்கான அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ அழுத்தம். தோட்டத்தில் போடும் பத்துக்குப் பன்னிரண்டு அடித் தகட்டுக் கொட்டகையின் கூரையை மேலே தூக்கும் விசை 1,600 கிலோவைத் தாண்டும். நான்கு இரும்புக் குழாய்க் கால் என்றால் காலுக்கு 400 கிலோவுக்கு மேல். கூரைத் தகடோ சதுர மீட்டருக்கு ஐந்து கிலோகூட இருக்காது. வழக்கமாகத் தோண்டும் ஓரடிச் சதுர, ஒன்றரை அடி ஆழக் குழியில் பிடிக்கும் கான்கிரீட் நூறு கிலோதான். நம் மணல் தரை அதற்கு மேல் பிடித்துக்கொள்ளாது. இரண்டடிச் சதுரம், இரண்டரை அடி ஆழம் போட்டால் 680 கிலோ. குழாயின் அடியில் குறுக்கே ஒரு கம்பியை வெல்டிங் செய்து கான்கிரீட்டில் புதைக்க வேண்டும். இல்லையென்றால் குழாய் மட்டும் உருவிக்கொண்டு வரும். காற்று முதலில் பிடிப்பது ஓரங்களையும் மூலைகளையும்தான். அங்கே தகட்டின் ஒவ்வொரு மேட்டிலும் வாஷருடன் ஜே போல்ட் (J வடிவில் வளைந்த போல்ட்) வேண்டும். பறக்கும் தகடு அடுத்த வீட்டுக்காரரின் உயிருக்கு ஆபத்து.

இவை எதுவும் மஞ்சக்குப்பத்திலோ முதுநகரிலோ வீடு கட்டுகிறவர் கையில் எளிய தமிழில் இல்லை. எந்தக் கொட்டகைக்கு அனுமதி வேண்டும், மனைக்கு மனை எவ்வளவு செட்பேக், என்னென்ன ஆவணங்கள், கால் எவ்வளவு ஆழம் என்பதை ஒரே தாளில், படத்துடன், வரி வசூல் மையங்களில் மாநகராட்சி ஒட்ட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் செய்தால் நல்லது.

இப்படிக்கு,
கட்டட வரைபடப் பணியாளர்கள்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.